ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறேன்: நியாயம், இளைஞர் நலன் பற்றி நோட்டீஸில் என்ன எழுதலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சியைச் சேர்ந்த பெண். வயது இருபத்தாறு, பொறியியல் படித்தவர். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்க முடிவு செய்திருக்கிறார். "எல்லாருக்கும் நியாயம், இளைஞர் நலன், இந்த இரண்டும்தான் என் நோக்கம். ஆனால் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தால் எல்லா வேட்பாளரும் எழுதுவதுதான் வருகிறது. எதை எழுதலாம், எதை விடலாம்?" என்று கேட்டு, தான் எழுதிவைத்த வாக்குறுதிகளையும் அனுப்பியிருக்கிறார். டெல்டாவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பட்டியலில் நான்கை முதலில் அடித்துவிடுங்கள்: கோயில் மனையில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா, ஊருக்கு ஒரு தொழிற்சாலை, டாஸ்மாக் கடையை மூடுவது, நிரந்தர நெல் கொள்முதல் நிலையம். நான்குமே தேவைதான். ஆனால் ஒன்றுகூட ஊராட்சித் தலைவரின் கையெழுத்தில் நடக்காது. பட்டா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் நம் பக்கத்தில் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு வாங்குகிறார்கள். பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்க 1971-ல் ஒரு சட்டம் வந்தது. கோயில் மனை, மடத்து மனை கதை வேறு. அது 1959-ஆம் வருட அறநிலையத்துறைச் சட்டம், வருவாய்த்துறை, நீதிமன்றம் என்று போகிற விவகாரம். வாடகைப் பாக்கி நோட்டீஸ் வந்த குடும்பத்துக்கு மனு எழுதவும் கிராமசபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பவும் உங்களால் முடியும். அதை மட்டும் எழுதுங்கள். கீழத்தெரு மக்கள் இந்தப் பொய்யைப் பலமுறை கேட்டுவிட்டார்கள். "பட்டா என்னால் கொடுக்க முடியாது, ஆனால் உங்கள் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்கு நானும் வருவேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அவர்கள் நின்று கேட்பார்கள்.

தொழிற்சாலை பற்றி இது போதும்: 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுவது போன்றவற்றைத்தான் தடுக்கிறது. அரிசி ஆலைக்கோ உணவு பதப்படுத்தும் சிறுதொழிலுக்கோ தடை இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியதுதான். அங்கே பயிற்சிகள் நடக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து நான்கு பேரை அழைத்துப்போய் விசாரித்துச் சேர்த்துவிடலாம். அதற்குப் பதவிகூட வேண்டாம், இப்போதே செய்யலாம்.

சரி, நியாயத்துக்கு வருவோம். நம் பகுதியில் இந்தப் பேச்சுக்குக் கனம் அதிகம். 1940-களில் பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியது சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் ஒழியவேண்டும் என்றுதான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கடுத்த வருடம்தான் விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது, அதுவும் அன்றைய கீழத்தஞ்சைக்காகவே. இதெல்லாம் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஞாபகத்தில் இருக்கிறது. அறுவடையும் நடவும் இயந்திரத்துக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில் வயலில் சண்டை குறைந்திருக்கிறது. ஆனால் அநியாயம் போகவில்லை. குழாயடிக்கும் தெருவிளக்குக்கும் மயானப் பாதைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மூன்றும் ஊராட்சியின் வேலை. அதாவது உங்கள் வேலை.

வாய்க்காலுக்குக் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம், இருப்பதுபோலக் குழாய்க்கும் கடைமடை உண்டு. மேல்நிலைத் தொட்டி எங்கே கட்டப்பட்டது, பைப் எந்தத் தெரு வழியாகப் போகிறது, வால்வை யார் எத்தனை மணிக்குத் திறக்கிறார், இவற்றை வைத்துத்தான் கடைசித் தெருவில் குடம் நிறைகிறதா என்பது முடிவாகிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் வைத்துவிட்டார்கள். ஆனால் முன் தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் பின் தெருவில் காற்றுதான் வரும். "அனைவருக்கும் குடிநீர்" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: வால்வு திறக்கும் நேரம் தெருவாரியாக எழுதி ஒட்டப்படும், வாரம் ஒருநாள் கடைசி வீட்டில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து, அந்த அளவும் பக்கத்தில் எழுதப்படும். தொட்டி ஆபரேட்டரின் சம்பளம் மிகக் குறைவு. அவரை மிரட்டிக் காரியம் சாதிப்பவர்கள் ஊரில் இருப்பார்கள். நேரம் சுவரில் எழுதியிருந்தால் அவருக்கும் அது பாதுகாப்பு.

மயானப் பாதையைத் தனியாகச் சொல்கிறேன். சம்பா நடவு முடிந்து மழை பிடித்தால், இடுப்பளவு தண்ணீரில் நட்ட வயல் வழியாகப் பிணத்தைத் தூக்கிப் போகிற தெருக்கள் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு இருந்தால், நோட்டீஸின் முதல் வரியாக அதுதான் இருக்கவேண்டும். பாதை பட்டா நிலத்தின் குறுக்கே போகுமானால் நிலக்காரரிடம் பேசவேண்டும், வருவாய்த்துறை வழியாக நிலம் எடுக்க எழுதவேண்டும். ஒரு வருடத்தில் முடியாமலும் போகலாம். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நிலக்காரரிடம் பேச நீங்களே போகவேண்டும், ஆள் அனுப்பக்கூடாது.

அப்புறம் ஏலம். குளத்து மீன் குத்தகை, புறம்போக்கில் நிற்கும் தென்னை, புளி. ஊராட்சியின் சொந்த வருமானத்தில் இவையும் சேர்த்தி. ஆனால் பல ஊர்களில் குளத்து மீன் பணம் எது ஊராட்சிக் கணக்கு, எது ஊர்க்கணக்கு என்பதே கலங்கிக் கிடக்கிறது. நாலு பேர் கூடி முடித்துவிட்டு, பணம் திருவிழாச் செலவுக்குப் போய்விடும். அந்தத் திருவிழாவில் எல்லாத் தெருவுக்கும் பங்கு இருக்காது. இதைத் தொட்டால் உங்களுக்கு எதிர்ப்பு வரும், தெரிந்துதான் சொல்கிறேன். தொடாமல் நியாயம் பேசவும் முடியாது. ஏலத் தேதியை எல்லாத் தெருவிலும் தண்டோரா போட்டு அறிவிப்பது, பொது இடத்தில் நடத்துவது, தொகையை அன்றே பலகையில் எழுதுவது என்று தொடங்குங்கள்.

எந்த வேலை எந்தத் தெருவுக்கு முதலில் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்? இதற்கு உங்கள் நோட்டீஸில் பதில் இல்லை. என்னைக் கேட்டால், நியாயம் என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. வழி ஒன்று சொல்கிறேன். கடந்த பத்து வருடத்தில் ஊராட்சி செய்த ரோடு, வடிகால், விளக்கு, தொட்டி எல்லாவற்றையும் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் சமீப வருடங்களின் திட்டமும் செலவும் கிடைக்கும். கிடைக்காததற்கு ஊராட்சிப் பொதுத் தகவல் அலுவலரிடம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். எழுதி முடித்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை முறை போயிருக்கிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். "கடைசியாக வேலை நடந்து அதிக நாள் ஆன தெருவுக்கு முதலிடம்" என்று ஒரு விதியை நோட்டீஸில் போடுங்கள். உங்கள் சொந்தத் தெரு அதில் பின்னால் போனால் போகட்டும்.

பணக் கணக்கும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சி தன் விருப்பப்படி வேலை எடுக்க முடிந்தது. வீட்டுவரி, மாநில நிதிக்குழு மானியம் தனி. இது தெரியாமல் வாக்குறுதி கொடுத்துவிட்டு முதல் வருடமே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் கைபிசைந்து நின்ற தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், கணக்குத் தெரியாத ஒரே காரணத்தால் கான்ட்ராக்டரும் கிளார்க்கும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இளைஞர் நலன் என்ற தலைப்பில் நீங்கள் எழுதியிருப்பது கிரிக்கெட் போட்டி, ஜெர்சி, உடற்பயிற்சிக் கூடம். எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு, அதிலும் ஏற்கெனவே விளையாடுகிறவர்களுக்கு. ஒரு பெண் வேட்பாளர் எழுதும்போது இது எனக்கு வருத்தமாக இருந்தது. பிளஸ் டூ முடித்து, டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்? திருவாரூருக்கோ மன்னார்குடிக்கோ கல்லூரிக்குப் போய்விட்டு மாலை கடைசி பஸ்ஸில் இறங்கி, விளக்கில்லாத கப்பி ரோட்டில் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர்? 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை இருட்டாக இருந்தால் அப்பா படிப்பை நிறுத்திவிடுகிறார். அந்தப் பாதையில் விளக்குப் போடுவது ஊராட்சியால் முடியும், செலவும் பெரிதில்லை. இளைஞர் நலனில் முதல் வாக்குறுதியாக இதை வையுங்கள்.

இரண்டாவது, நூலகம். 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். உங்கள் ஊரிலும் அந்தக் கட்டடம் இருக்கும். அநேகமாகப் பூட்டியிருக்கும், அல்லது பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருப்பார்கள். வீட்டுவரி ரசீதைப் பாருங்கள், ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று நாம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஊராட்சி நூலகமோ ஊராட்சியின் பொறுப்பு. கதவைத் திறந்து, பத்து நாற்காலி, மின்விசிறி, இணைய இணைப்பு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கான புத்தகங்கள் வைத்தால் போதும், படிக்க இடமில்லாத பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஒரே அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையின் கஷ்டம் பெரியது. அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது, எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே தயங்காமல் போய் உட்கார முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கேதான் உங்கள் இரண்டு தலைப்பும் ஒன்றாகின்றன. அவற்றைத் தனித்தனியாக எழுதியதுதான் உங்கள் நோட்டீஸின் முக்கியக் குறை என்று நினைக்கிறேன். ஊரில் தன் பேச்சு எடுபடாது, தன் தெருவுக்கு எதுவும் வராது என்று பதினெட்டு வயதில் முடிவுகட்டியவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனால், அதற்கு வேலை இல்லாதது மட்டுமா காரணம்?

போகிறவர்களைத் தடுக்கமுடியாது, தடுக்கவும் கூடாது. ஏமாறாமல் போக உதவலாம். முத்துப்பேட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகளும் உண்டு, ஏஜென்டிடம் நிலத்தை விற்றுக் கட்டிய பணம் போன வீடுகளும் உண்டு. 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பதிவைச் சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போ என்பவர் ஏமாற்றுகிறார். கம்போடியா, மியான்மர் என்று கம்ப்யூட்டர் வேலைக்காகப் போன தமிழ்ப் பிள்ளைகள் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி அடிபட்டது 2022-லிருந்து செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்து, புறப்படுகிறவர்களின் ஏஜென்ட் பதிவைப் பார்த்துச் சொன்னால் எத்தனை குடும்பம் பிழைக்கும்! சிக்கல் வந்தால் அயலகத் தமிழர் நலத்துறைக்கு எழுதவும் அங்கேயே ஏற்பாடு செய்யலாம்.

மனநலம் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. ரிசல்ட் வரும் மே மாதம், கடன் நெருக்கும் மாதம், காதல் விவகாரம் தெருச் சண்டையாகும் நேரம், இவையெல்லாம் நம் ஊர்களில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நேரங்கள். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பள்ளிச் சுவரிலும் நூலகத்திலும் டீக்கடையிலும் அந்த எண்ணை எழுதுங்கள். வீட்டுக்குள் பூச்சிமருந்தை வைக்காமல், பூட்டிய பொதுப் பெட்டியில் வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவரப் பாருங்கள். இலங்கையில் 1995-க்குப் பிறகு தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததற்கு, கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது முக்கியக் காரணம். அந்தக் கணநேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்பவர்கள் அதிகம். இன்னொன்று, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 2017-ஆம் வருட மனநலச் சட்டத்துக்குப் பிறகு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது. இதைக் கிராமசபையில் சத்தமாகச் சொல்லுங்கள். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். பல ஊர்களில் அந்தக் குழு கூடுவதே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவேன் என்று எழுதினால், அந்த வரியை எழுதிய முதல் வேட்பாளர் உங்கள் ஒன்றியத்தில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வரவேண்டும். கையெழுத்து நோட்டு வீடு வீடாகப் போய் நூறை நிரப்பிக்கொண்டு வருவதும் நடக்கிறது. நீங்கள் அந்த நோட்டை மண்டபத்தை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். தீர்மானங்களை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் போடுங்கள், கூட்டத்தில் வரவு செலவைப் படிக்கும் வேலையை இருபது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு தெருவிலிருந்து ஒருவர். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஊர்க்கணக்கைத் தன் வாயால் படித்த பிள்ளை அடுத்த கூட்டத்துக்குத் தானாக வரும்.

கடைசியாக, நோட்டீஸில் எழுத முடியாத சில விஷயங்கள். 50 சதவீத இடஒதுக்கீடு 2019 தேர்தலில் அமலானபோது நிறையப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் பலருடைய நாற்காலியில் கணவரோ அண்ணனோ உட்கார்ந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தியது 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் வெளியே தெரிந்து வழக்கானது. உங்கள் வீட்டு ஆண்களிடம் இப்போதே பேசிவிடுங்கள், ஆபீஸுக்கு அவர்கள் வரக்கூடாது. ஊர்கூடிப் பதவியை ஏலம் விடுகிறோம், கோயிலுக்கு இவ்வளவு கட்டினால் போட்டியில்லாமல் நீங்கள்தான் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், தேர்தல் ஆணையத்துக்குப் புகார் போனால் சிக்கல் உங்களுக்கும்தான்.

இதைவிட நடைமுறைச் சிக்கல் செக். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். நியாயமாக நடக்க நினைத்த தலைவர்கள் பலர் முடங்கியது இந்த இரண்டாவது கையெழுத்தில்தான். ஆட்சியர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்யலாம், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எனவே தனியாக நிற்காதீர்கள். ஒவ்வொரு வார்டிலும் உங்கள் நோக்கத்தோடு ஒத்துப்போகிற ஒருவரை, முடிந்தவரை இளம் வயதினரை, இப்போதே நிற்கச் சொல்லுங்கள். வார்டுத் தேர்தலுக்கு 21 வயது போதும், கட்சிச் சின்னமும் கிடையாது.

2019-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அந்தக் காலத்துச் செலவையும் சேர்த்தே தெருவாரிக் கணக்கை எழுதுங்கள். முதலில் அந்த நோட்டு, பிறகு நோட்டீஸ். திருத்தி எழுதியதை அனுப்பினால் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன் அம்மா.